உள்ளே தாழிட்ட நாடு: மிங் வழித்தடத்தில் பத்து நாள்

ஏப்ரல் 14, நாஞ்சிங், விடாத தூறல்

சீனாவின் மிங் வம்சத்தைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் நேராகப் பெய்ஜிங்கில் போய் இறங்குகிறார்கள். கதையை நடுப்பக்கத்தில் பிரித்துப் படிப்பது மாதிரிதான் அது. 1368 முதல் 1421 வரை தலைநகரம் நாஞ்சிங். பேரரசு எழுந்ததும் இங்கே, கப்பல்கள் கிளம்பியதும் இங்கே. அதனால் இந்தப் பயணம் தெற்கிலிருந்து வடக்காக.

முதல் நிறுத்தம் நகரக் கோட்டைச்சுவரின் ஜோங்ஹுவா வாசல். கட்டணம் 50 யுவான் (ஒரு யுவான் ஏறக்குறைய 12 ரூபாய்). பெயர்தான் வாசல், வேலை பொறியுடையது. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வளைவுகள், நடுவே மூன்று முற்றங்கள். எதிரி முதல் கதவை உடைத்து உள்ளே வந்ததும் மேலிருந்து கனத்த தூக்குக்கதவை இறக்கிவிடுவார்கள். முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. சுவருக்குள்ளேயே 27 குகை அறைகள்; 3,000 வீரர்கள் ஒளிந்திருக்க இடம் உண்டு. குதிரைகள் ஏறிய சரிவுப்பாதை மழையில் வழவழவென்று இருக்கிறது. ரப்பர் அடி போட்ட செருப்பு உதவாது; ஓரத்துப் படிக்கட்டே மேல். ஒரு குடை உடைந்ததோடு இன்றைக்குத் தப்பியது.

இங்கே பார்க்க வேண்டியது செங்கல். ஒவ்வொன்றும் சுமார் 40 செ.மீ. நீளம், 20 அகலம், 10 தடிமன். பக்கவாட்டில் எழுத்துகள் புடைத்து நிற்கின்றன: எந்த மாவட்டம், எந்த அதிகாரி மேற்பார்வை, அவருக்குக் கீழ் எந்த ஊர்த்தலைவர், எந்தச் சூளைக்காரர், கடைசியில் மண் பிசைந்து அச்சில் போட்ட ஆளின் பெயர். யாங்சி ஆற்றின் கரையோர மாகாணங்களிலிருந்து படகில் வந்த கற்கள் இவை. ஒரு கல் நொறுங்கினால் யாரைப் பிடிப்பது என்று கல்லே சொல்லும். எழுத்து கூர்மையாக இருக்கும் செங்கல்லைக் கண்டுபிடிக்க ஒரு வழி: விளக்கை நேராக அடிக்காமல் சுவரை ஒட்டிச் சாய்வாக அடிக்க வேண்டும். மழை நாளில் ஈரமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

சுவர் இத்தனை நூற்றாண்டு நின்றதில் சாந்துக்கும் பங்குண்டு. நீர்த்த சுண்ணாம்பில் பசையரிசிக் கஞ்சியைக் கலந்தார்கள். வெறும் சுண்ணாம்பு இறுகும்போது பெரிய படிகங்களாக வளர்ந்து இடையில் துளை விடும். அரிசியின் மாவுச்சத்து அந்த வளர்ச்சியைத் தடுத்து, படிகங்களைப் பொடியாக, நெருக்கமாக வைக்கிறது. சுண்ணாம்பு முழுதும் நீர்க்காமல் கலந்தால் எல்லாம் பாழ்: உள்ளே மிஞ்சிய சுட்ட சுண்ணாம்பு பிறகு ஈரம் குடித்து உப்பி, பூச்சைப் பிளந்துவிடும். 35 கி.மீ. சுற்றளவுச் சுவரில் 25 கி.மீ. போல இன்றும் நிற்கிறது.

இரவு, வாத்து ரத்தச் சேமியா சூப். 20 யுவான். கட்டியான ரத்தம் பன்னீர்த் துண்டு பதத்தில், கூடவே ஈரல், குடல், பொரித்த தோஃபு. சைவக்காரர்கள் இந்த ஊரில் திண்டாடுவார்கள். "வோ ச்சி சு" (நான் சைவம்) என்றால் கறித்துண்டை மட்டும் எடுத்துவிட்டு அதே வாத்துச் சாற்றை ஊற்றித் தருகிறார்கள். கடைக்கார அம்மாள் சிரித்தபடி கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, காசு வாங்காமல் வெந்நீரில் வேகவைத்த கீரை கொண்டுவந்து வைத்தார்.

ஏப்ரல் 15, ஊதாமலை, தூறல் நின்று மூட்டம்

மிங் சியாவ்லிங். முதல் பேரரசர் ஹோங்வூவின் சமாதி, 70 யுவான். சாலையோரப் பிளேன் மரங்கள் இந்த மாதம் பஞ்சுத்தூசு உதிர்க்கின்றன. மழை நின்றதும் அது பறக்கத் தொடங்கியது. ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் இல்லாமல் ஏப்ரலில் இங்கே வரக் கூடாது.

இந்த மனிதர் 1328-இல் குத்தகை விவசாயி வீட்டில் பிறந்தவர். பெயர் ஜூ யுவான்ஜாங். 1344-இல் பஞ்சமும் கொள்ளைநோயும் ஒரே வீச்சில் தாய், தகப்பன், அண்ணனைக் கொண்டுபோயின. புதைக்க நிலம்கூடக் கிடையாது. பௌத்த மடத்தில் சேர்ந்தார். அங்கேயும் சோறு தீர்ந்தபோது ஓட்டோடு பிச்சைக்குப் போனார். 1352-இல் செந்தலைப்பாகைக் கலகப் படையில் சேர்ந்து, நான்கே ஆண்டில் நாஞ்சிங்கைப் பிடித்து, 1368-இல் அரியணை ஏறி, மங்கோலியரை வடக்கே விரட்டினார்.

சமாதிப் பாதையில் ஆறு வகை விலங்குகள், வகைக்கு இரண்டு ஜோடி. ஒரு ஜோடி நிற்கும், ஒரு ஜோடி படுத்திருக்கும். யானைகளின் முதுகில் ஏறிப் படம் எடுப்பதைக் காவலர்கள் விசில் ஊதித் தடுக்கிறார்கள். ஊதி முடிப்பதற்குள் அடுத்த குடும்பம் ஏறிவிடுகிறது.

முன்மண்டபத்தில் ஒரு கல்வெட்டு: "இவரது ஆட்சி டாங், சோங் வம்சங்களையும் விஞ்சியது". எழுதியவர் காங்ஷி, 1699-இல். மிங்கின் இடத்தில் வந்து உட்கார்ந்த மஞ்சு வம்சத்துப் பேரரசர்! ஜெயித்தவர் தோற்றவரின் பாட்டனாருக்குக் கொடுத்த சான்றிதழ். இதைவிட நாசூக்கான உரிமைக்கோரிக்கை கிடையாது.

ஆனால் ஹோங்வூ செய்த ஒரு காரியம்தான் இனி வரும் நாட்களில் எல்லா இடத்திலும் குறுக்கே வந்து நிற்கும். 1380-இல் தலைமை அமைச்சர் ஹூ வெய்யோங் சதி செய்தார் என்று கொன்றதோடு, அந்தப் பதவியையே ஒழித்தார். திரும்பக் கொண்டுவரச் சொல்பவனுக்கும் மரண தண்டனை என்று எழுதிவைத்தார். அந்த வழக்கின் வால் நீண்டு 30,000 பேர் வரை செத்தார்கள். ஆறு அமைச்சகங்களும் நேரே பேரரசரின் மேசைக்கு வந்தன. 1384-இல் எட்டே நாளில் அவரிடம் 1,660 மனுக்கள், அவற்றில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விஷயங்கள். அவர் பார்த்தார். பசித்து வளர்ந்த ஆள், தூங்காமல் பார்த்தார். செங்கல் உடைந்தால் யார் பொறுப்பு என்பது மண் பிசைந்தவன் வரை எழுதப்பட்ட நாட்டில், மேலே இருப்பவர் வேலை செய்யாவிட்டால் என்ன என்பதற்கு மட்டும் ஒரு வரி கிடையாது.

ஏப்ரல் 16, நாஞ்சிங், வெயில், 24 டிகிரி

காலையில் புதையல் கப்பல் தளம். மிங் கடற்படைத் தளபதி ஜெங் ஹெயின் கப்பல்கள் கட்டப்பட்ட இடம், இப்போது பூங்கா. பார்க்க நீளமான குளம் மாதிரிதான் இருக்கிறது. தெரியாமல் வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் குளங்கள்தான் தளம். ஒன்று 421 மீட்டர் நீளம், 41 மீட்டர் அகலம்.

வேலை நடந்த விதம் இது. ஆற்று மட்டத்துக்குக் கீழே நீளமாகத் தோண்டுவார்கள். ஆற்றுப் பக்கம் மண்கரையால் அடைத்து, உள்ளே ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். அடியில் மரக்கம்பங்களை அடித்து, அதன்மேல் கப்பலைக் கட்டுவார்கள். முடிந்ததும் கரையை வெட்டிவிட்டால் ஆறு உள்ளே வரும், கப்பல் தானாக மிதக்கும். சரிவில் உருட்டி இறக்கும்போது பெரிய கப்பல் நடுமுதுகு ஒடியும் ஆபத்து இதில் இல்லை. தோண்டியபோது சேற்றில் மரச்சாமான்கள் அழியாமல் கிடைத்ததற்குக் காரணம், அந்தச் சேற்றில் காற்று புகாததுதான். 1957-இல் கிடைத்த ஒரு சுக்கான் தண்டு மட்டும் 11 மீட்டர். அசல் பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் "44 ஜாங் நீளக் கப்பல்", அதாவது 120 மீட்டருக்கும் மேல், என்று பழைய நூல் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். அத்தனை நீள மர உடல் கடல் அலையில் வளைந்து பலகை பிரிந்துவிடும் என்பது கப்பல் கட்டுகிறவர்களின் வாதம். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

1405-இல் கிளம்பிய முதல் பயணத்தில் 317 கப்பல்கள், 27,000-க்கும் மேற்பட்ட ஆட்கள். 1433 வரை ஏழு பயணங்கள். மிங் ஆவணங்களின் துறைமுகப் பட்டியலில் கோழிக்கோடு, கொச்சியோடு நம் காயலும் இருக்கிறது. தமிழுக்கு இதைவிட நேரான சாட்சி ஒன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் நிற்கிறது: 1409 தேதியிட்ட காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தேனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் இஸ்லாத்தின் பெயரில். ஆளுக்கு ஒரு தெய்வம், காணிக்கைப் பட்டியல் மட்டும் ஏறத்தாழ ஒன்றே: 1,000 பொன், 5,000 வெள்ளி, பட்டு, 2,500 கேட்டி (சீன எடை அளவு) எண்ணெய். கல்லை நாஞ்சிங்கிலேயே செதுக்கிக் கப்பலில் ஏற்றினார்கள் என்பதே ஆய்வாளர்கள் பலரும் ஏற்ற கருத்து. அப்படியென்றால் இந்தக் குளங்களுக்குப் பக்கத்தில் எங்கோ ஒருவர் உளியைப் பிடித்துக்கொண்டு தமிழ் எழுத்துக்குக் கொம்பும் காலும் போட்டிருக்கிறார். 1911-இல் காலியில் அது வாய்க்கால் மூடியாகக் கிடந்தபோதுதான் கண்டெடுத்தார்கள்.

ஏன் நிறுத்தினார்கள்? "சீனா உலகத்துக்கு முதுகைக் காட்டியது" என்று ஒரே வரியில் முடிப்பது வழக்கம். கணக்கு வேறு. தனியார் கடல் வணிகத்துக்கு ஹோங்வூ 1371-லேயே தடை போட்டுவிட்டார். ஒரு பலகைகூடக் கடலில் இறங்கக் கூடாது என்பது அந்தக் காலத்து வாசகம். ஜெங் ஹெ போனது அரசின் தனி வழி. வணிகர்கள் யாருக்கும் அதில் பங்கு இல்லை, ஆகவே நின்றபோது கேட்கவும் யாரும் இல்லை. இதற்கிடையில் பெருங்கால்வாயைச் சீர்படுத்தி, 1415-லிருந்து வடக்குக்கு அரிசியைக் கால்வாய் வழியாகவே அனுப்பினார்கள். கடல் வழி தானியக் கப்பல்களுக்கு வேலை போயிற்று. தலைநகரம் வடக்கே போனது. மங்கோலியப் போர்ச் செலவு ஏறியது. கப்பலில் வந்த மிளகு குவிந்து, அதிகாரிகளுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கை மிளகாகவே கொடுத்தார்கள். மாதச் சம்பளம் மிளகாக வந்தால் கப்பல் பயணத்தை எந்தக் குமாஸ்தா வாழ்த்துவான்?

மதியம் ஜிங்ஹாய் கோயில். ஜெங் ஹெயின் பயணங்களைக் கொண்டாடக் கட்டியது. 1842-இல் அபினிப் போரில் வென்ற ஆங்கிலேயர் நாஞ்சிங் உடன்படிக்கைப் பேச்சை நடத்தியதும் இதே கோயிலில். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த முதியவர், நாங்கள் நிற்பதைப் பார்த்துத் தன் கைக்குட்டையால் ஈர இடத்தைத் துடைத்து இடம் கொடுத்தார்.

ஏப்ரல் 17, யாங்ஷான் குவாரி, பிறகு ரயில்

நகருக்குக் கிழக்கே, வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன டாங்ஷான் பக்கம். வாடகைக் கார்க்காரர் ஊற்று விடுதி ஒன்றின் வாசலில் இறக்கிவிட்டார். இந்தப் பக்கம் வரும் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் குளிக்கத்தான் வருவார்களாம். கைபேசியில் "கல்வெட்டுக் கல்" என்று சீனத்தில் காட்டிய பிறகு சிரித்துக்கொண்டே கூடுதல் காசு கேட்காமல் கொண்டுபோய் விட்டார். பெய்ஜிங் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்: போகிற இடத்தின் பெயரைச் சீன எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் தொனி மாறி வேறு ஊருக்குப் போவீர்கள்.

மலையில் மூன்று பாறைகள், பாதி வெட்டியபடி. கல்வெட்டின் உடல் 49.4 மீட்டர் நீளம், 10.7 அகலம், 4.4 தடிமன். பக்கத்தில் பீடம், சற்றுத் தள்ளித் தலைப்பகுதி. மூன்றும் சேர்ந்து 31,000 டன் என்று கணக்கு. யோங்லெ பேரரசர் 1405-இல் தன் தகப்பன் ஹோங்வூவின் சமாதிக்காக வெட்டச் சொன்னது. காரணம் பாசம் மட்டும் இல்லை. அண்ணன் மகனிடமிருந்து 1402-இல் படையெடுத்துப் பிடுங்கிய சிம்மாசனம் அது. தான்தான் உண்மையான வாரிசு என்று காட்ட ஒரு கல் தேவைப்பட்டது. ஒருவகையில் கப்பல்களும் அதற்குத்தான்.

பாறையைச் சுற்றிலும் ஆள் நடக்கும் அகலத்தில் பள்ளம் வெட்டி, பிறகு அடியிலும் குடைந்து, இடையிடையே தாங்குதூண் விட்டிருக்கிறார்கள். அடியில் குனிந்து போகலாம். உளித்தடங்கள் சாய்வு வரிகளாக இன்னும் புதிதாகத் தெரிகின்றன. வெட்டிய பிறகு நகர்த்த வழியில்லை என்று அவர்களுக்குப் பாதியில் உறைத்திருக்க வேண்டும். சமாதியில் கடைசியாக வைத்த கல் 8.78 மீட்டர். தினமும் குறித்த அளவு கல்தூள் காட்டாதவனைக் கொன்றார்கள் என்பது ஊர்க்கதை. பக்கத்து ஊரின் பெயர் ஃபெந்தோ, அதாவது கல்லறைமேடு.

மாலை விரைவு ரயில். 1,000 கி.மீ.க்குச் சற்று மேல், நாலு மணி நேரத்துக்குள். பாஸ்போர்ட்தான் டிக்கெட், தானியங்கி வாசல் அதைப் படிக்காவிட்டால் ஓரத்தில் ஆள் நிற்கும் வரிசைக்குப் போக வேண்டும். எதிர் இருக்கைப் பாட்டி சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைப் பிரித்து, வேண்டுமா என்று கேட்காமலே எங்கள் கையில் கொட்டினார்.

ஏப்ரல் 18, பெய்ஜிங், வறண்ட காற்று

தடைசெய்யப்பட்ட நகரம் (பேரரசர்களின் அரண்மனை), 60 யுவான், ஏழு நாள் முன்பே பதிவு. காலைப் பிரிவு டிக்கெட்டுக்கு நண்பகலுக்குள் நுழைந்தாக வேண்டும். தியானன்மென் சதுக்கத்தின் வழியாக வந்து பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது, 11.40-க்கு மூச்சு வாங்க உள்ளே. இது எங்கள் தப்புக் கணக்கு. கிழக்கே டோங்ஹுவா வாசல் பக்கமாக அகழியோரம் நடந்து வந்திருந்தால் சதுக்கத்தின் வரிசையே வேண்டியதில்லை.

1406-இல் தொடங்கி 1420-இல் முடித்தார்கள். 1421 புத்தாண்டில் குடியேறினார்கள். அதே ஆண்டு மே மாதம் மின்னல் விழுந்து மூன்று பெரிய மண்டபங்களும் எரிந்தன. வானமே கோபித்துக்கொண்டது என்று அதிகாரிகள் தைரியமாக மனு எழுத, யோங்லெ கப்பல் பயணங்களைத் தற்காலிகமாக நிறுத்தினார். இன்று நிற்கும் பெரிய மண்டபம் மிங்குடையதே அல்ல, 1690-களில் மஞ்சுக்கள் கட்டியது. மிங்கைப் பார்க்க வேண்டுமானால் தலையை நிமிர்த்தாமல் குனிய வேண்டும்.

தரையில் பாவியிருப்பது "பொற்செங்கல்". பொன் கிடையாது, தட்டினால் உலோகம் மாதிரி ஒலிக்கும். சூசோவின் சூளைகளில் செய்தது. களிமண்ணை மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் ஆறப்போட்டு, அரைத்து, சலித்து, மிதித்து, அச்சில் இட்டு, நிழலில் உலர்த்துவார்கள். பிறகு சூளையில் 130 நாள்: உமியும் புல்லும் ஒரு மாதம், பிளந்த விறகு ஒரு மாதம், முழுக்கட்டை ஒரு மாதம், பைன் கிளை நாற்பது நாள். முதலிலேயே பெருந்தீ போட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடித்துவிடும்; அதனால்தான் உமியின் புகையில் தொடக்கம். கடைசியில் சூளையை மூடி மேலிருந்து நீர் விட்டால் செம்மண் கருஞ்சாம்பல் நிறமாகும். பதித்த பின் துங் எண்ணெய் ஊட்டல். இதிலும் பக்கவாட்டில் செய்தவர் பெயர் உண்டு.

பின்மண்டபப் படிக்கட்டில் டிராகன் செதுக்கிய ஒற்றைக் கல் 16 மீட்டருக்கு மேல் நீளம், எடை 200 டன்னுக்கு மேல். இத்தகைய கற்களைக் குளிர்காலத்தில் இழுத்தார்கள். வழிநெடுக அரை கிலோமீட்டருக்கு ஒரு கிணறு. நீரை ஊற்றி உறையவிட்டு, பனிப்பாதையில் மரச்சறுக்கு. 1557-இல் 123 டன் கல் ஒன்று 70 கி.மீ. தூரத்தை 28 நாளில் கடந்ததற்குக் கணக்கு இருக்கிறது.

இரவு டௌஜ்: பாசிப்பயறு மாவு எடுத்த கழுநீரைப் புளிக்கவைத்துச் சூடாக்கியது. மூன்று நாள் பழைய கஞ்சித்தண்ணீரில் வெந்தய வாடை. பக்கத்து மேசைக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பாதியோடு எழுந்தாயிற்று.

ஏப்ரல் 19, மூதியான்யூ, காற்று

பெருஞ்சுவரின் ஒரு பகுதி. கம்பிவட வண்டி ஒரு வழி 100 யுவான், போய்வர 140. காற்று அதிகமானால் நிறுத்திவிடுவார்கள். இன்று பிற்பகல் நிறுத்தினார்கள், போய்வர வாங்கியவர்கள் படியில் இறங்கினார்கள். காற்று எச்சரிக்கை இருக்கும் நாளில் ஒருவழியே வாங்குங்கள். தண்ணீர் மேலே மூன்று மடங்கு விலை.

பெருஞ்சுவர் என்று படத்தில் பார்ப்பது பெரும்பாலும் மிங் சுவர்தான். அதன் பின்னால் ஓர் அவமானம் இருக்கிறது. 1449-இல் 21 வயதுப் பேரரசர், வாங் ஜென் என்ற அண்ணகரின் (ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனை ஊழியர்) பேச்சைக் கேட்டுப் பெரும்படையோடு வடக்கே போய், தூமூ என்ற இடத்தில் தண்ணீரில்லாமல் முகாமிட்டு, மங்கோலியத் தலைவன் எசெனிடம் உயிரோடு சிக்கினார். அதன்பிறகு வெளியே போய் அடிக்கும் தெம்பு போயிற்று. உள்ளே நின்று அடைப்பதே கொள்கையானது.

1550-இல் இன்னொரு மங்கோலியத் தலைவன் அல்தான் கான் சுவரைத் தாண்டிப் பெய்ஜிங்கின் புறநகர் வரை வந்து கொள்ளையடித்தான். 1568-இல் வந்த தளபதி சீ ஜிகுவாங் குறையைச் சரியாகப் பிடித்தார்: சுவர் இருந்தது, மழைக்கும் பனிக்கும் வீரன் ஒதுங்க இடம் இல்லை. அவர் கட்டியவை உள்ளீடற்ற காவல்கோபுரங்கள், ஆயிரத்துக்கும் மேல். உள்ளே தூங்கலாம், வெடிமருந்தும் தானியமும் நனையாமல் வைக்கலாம், ஜன்னல் வழியே சுடலாம். சமிக்ஞைக்கும் அட்டவணை இருந்தது: நூறு எதிரிக்கு ஒரு புகை, ஒரு வேட்டு, ஐந்நூறுக்கு இரண்டு, ஆயிரத்துக்கு மூன்று, ஐயாயிரத்துக்கு நான்கு, பத்தாயிரத்துக்கு ஐந்து.

சமாதானம் மட்டும் சுவரால் வரவில்லை. 1571-இல் அல்தானுக்குப் பட்டம் கொடுத்து எல்லையில் சந்தை திறந்தார்கள். குதிரைக்குப் பதில் துணியும் இரும்புச் சட்டியும். அதன் பின் அந்த எல்லை அடங்கியது. நாலு ஆண்டு முன்னால், 1567-இல், தெற்கே யுவேகாங் துறைமுகத்தை வணிகர்களுக்குத் திறந்ததும் கடற்கொள்ளை குறைந்தது. கடத்தியவனுக்கே உரிமம் கிடைத்தால் கத்தி எதற்கு? இரண்டு கதவைத் திறந்ததில் கிடைத்த பத்து இருபது ஆண்டுதான் மிங்கின் கடைசி நல்ல காலம்.

ஏப்ரல் 20, மிங் சமாதிகள், வில்லோ பஞ்சு

தெஷெங்மென்னிலிருந்து 872 எண் பேருந்து. நிறுத்தத்தில் சீருடை மாதிரி உடுத்திய ஒருவர் "இன்று பேருந்து இல்லை, என் வண்டியில் வாருங்கள்" என்பார். பேருந்து உண்டு.

டிங்லிங், 60 யுவான். வான்லி பேரரசரின் சமாதி, இங்குள்ள பதின்மூன்று சமாதிகளில் முறையாகத் தோண்டித் திறந்தது இது ஒன்றுதான். 21 வயதில் இடம் பார்த்தார். 1584 முதல் 1590 வரை 80 லட்சம் தயேல் (சீன எடை அளவு) வெள்ளி செலவு. பிறகு முப்பது ஆண்டு அது அவருக்காகக் காத்திருந்தது.

அந்த முப்பது ஆண்டும் அரண்மனைக்குள் அவர் செய்தது சத்தியாக்கிரகம். பிரியமான மனைவியின் மகனுக்குப் பட்டம் கட்ட அதிகாரிகள் விடவில்லை. பதிலுக்கு அவர் சபைக்கு வருவதை நிறுத்தினார். மனுக்கள் பதிலில்லாமல் குவிந்தன. ஓய்வு பெற்றவர், செத்தவர் இடங்களை நிரப்பக் கையெழுத்து கிடைக்கவில்லை. அமைச்சகங்கள் தலையில்லாமல் ஓடின. பொறுத்துப் பார்த்து ராஜினாமா கொடுத்தால் அதற்கும் பதில் இல்லை. தலைமை அமைச்சர் இருந்திருந்தால் நாடு ஓடியிருக்கும். அந்தப் பதவியைத்தான் 1380-இல் ஒழித்துவிட்டார்களே.

கீழே 27 மீட்டர். ஏப்ரல் வெயிலிலிருந்து இறங்கினால் சட்டென்று குளிர், மேற்சட்டை வேண்டும். ஐந்து கல் மண்டபங்கள். பளிங்குக் கதவுகளைப் பாருங்கள்: ஒவ்வொன்றும் சில டன், ஆனால் கீல் பக்கம் தடிமனாகவும் விளிம்பில் மெலிந்தும் இருப்பதால் எடை கீலோடு நிற்கிறது, ஆள் தள்ளினால் திரும்பும். கதவுக்குப் பின்னால் "தானே வரும் கல்". நீண்ட கல்தண்டு, அதன் அடி தரைக்குழியில், தலை கதவின்மேல் சாய்ந்திருக்கும். அடக்கம் முடித்து வெளியே வருகிறவர்கள் கதவை இழுத்து மூட மூட, தண்டு சரிந்து கதவின் பின்முட்டில் பொருந்திவிடும். வெளியிலிருந்து எத்தனை பேர் தள்ளினாலும் திறக்காது. உள்ளே தாழ் போட ஆள் தேவையில்லை.

1956-இல் தோண்டியவர்கள் வழி தெரியாமல் தவித்தபோது ஒரு சிறு கல் கிடைத்தது: "இக்கல்லிலிருந்து வைரச்சுவரின் முகம் 16 ஜாங், ஆழம் 3 ஜாங் 5 அடி". வைரச்சுவர் என்றால் சமாதி வாயிலை அடைக்கும் சுவர். பின்னாளில் அடக்கத்துக்குக் கதவை மறுபடி திறக்க வேண்டியிருக்குமே என்று வேலையாட்கள் வைத்த குறிப்பு. பொறிக்கு மருந்து பழைய நூலில் இருந்தது: வளைத்த கம்பியை இடுக்கில் விட்டுத் தண்டின் கழுத்தைச் சுற்றிப் பிடித்து மெல்ல நிமிர்த்துவது. 1957-இல் திறந்தது. சுமார் 3,000 பொருள்கள் கிடைத்தன. பட்டுத்துணிகள் காற்றுப் பட்டதும் நிறம் போய் முறிந்தன. பாதுகாக்கும் வழி யாருக்கும் தெரியவில்லை. அசல் சவப்பெட்டிகளை 1959-இல் தூக்கி எறிந்தார்கள். 1966-இல் கலாச்சாரப் புரட்சியின் செங்காவலர்கள் எலும்புகளை இழுத்து எரித்தார்கள். இப்போது கீழே இருப்பவை சிவப்புச் சாயம் அடித்த நகல்கள். அவற்றைச் சுற்றிப் பத்து யுவான், ஒரு யுவான் நோட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. பள்ளிப்பிள்ளைகள் குறிபார்த்து எறிகிறார்கள்.

ஏப்ரல் 21, ஜிங்ஷான், மாலை

அரண்மனைக்குப் பின்னால் இருக்கும் குன்று. அகழி தோண்டிய மண்ணைக் கொட்டி ஆக்கியது. 2 யுவான். 1644 ஏப்ரல் 25, கலகத் தலைவன் லீ ஸிசெங் நகரத்துக்குள் வந்த விடியலில், சோங்ஜென் பேரரசர் கிழக்குச் சரிவில் தூக்கு மாட்டிக்கொண்டார். கூட ஒரே ஓர் அண்ணகர். மரம் அசல் அல்ல. பழையதைக் கலாச்சாரப் புரட்சியில் வெட்டிவிட்டார்கள்.

சோங்ஜென் சோம்பேறி இல்லை. விடியலில் எழுந்து மனு பார்த்தவர். ஆனால் 17 ஆண்டில் ஐம்பது மூத்த செயலாளர்களை மாற்றினார். மஞ்சுக்களைத் தடுத்து நிறுத்திய தளபதி யுவான் சோங்ஹுவானை 1630-இல் சந்தேகத்தில் கொன்றார். வறட்சி, வெட்டுக்கிளி, தலைநகரத்திலேயே கொள்ளைநோய், சம்பளம் காணாத படை. 1629-இல் சிக்கனம் என்று அரசு அஞ்சல் நிலையங்களைக் குறைத்தபோது வேலை போனவர்களில் ஒருவன்தான் லீ ஸிசெங்.

மரத்தடியில் கல்யாண வயதுப் பிள்ளைகளின் விவரத்தைத் தாளில் எழுதிப் பிடித்தபடி பெற்றோர் சிலர். உயரம், சம்பளம், சொந்த வீடு.

ஏப்ரல் 23, ஷான்ஹாய்குவான், தெளிந்த வானம், பிறகு புழுதி

மலைக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒடுங்கிய நிலம். 1381-இல் கட்டிய கோட்டை. "வானத்தின் கீழ் முதல் வாசல்" பலகையின் கீழே எல்லோரும் படம் எடுக்கிறார்கள். கடலில் சுவர் முடியும் லாவ்லோங்தோ, அதாவது கிழட்டு டிராகனின் தலை, 1900-இல் எட்டு அந்நிய நாடுகளின் கூட்டுப்படை இடித்து, 1980-களில் மறுபடி கட்டியது. புதுக்கல், காற்றுக்காகப் போகலாம்.

மஞ்சுக்கள் பலமுறை சுவரைச் சுற்றிக்கொண்டு வடக்கு இடுக்குகள் வழியே வந்து கொள்ளையடித்துப் போனதுண்டு. இந்த வாசலை மட்டும் உடைக்க முடிந்ததில்லை. 1644 மே மாதம் இதைக் காத்து நின்றவர் தளபதி வூ சான்குய். பேரரசர் செத்துவிட்டார், பின்னால் லீயின் படை வருகிறது, முன்னால் மஞ்சு இளவரசன் டோர்கோன். டோர்கோனுக்குக் கடிதம் எழுதி, மே 27 அன்று கதவைத் திறந்துவிட்டார். வூவின் வீரர்கள் தோளில் வெள்ளைத்துணி கட்டினார்கள். இல்லாவிட்டால் மஞ்சுக்களுக்கு எந்தச் சீனன் தன் பக்கம் என்று தெரியாது. இரண்டு சீனப் படைகளும் ஷி ஆற்றோரம் அடித்துக் களைக்கும் வரை டோர்கோன் பொறுத்திருந்தான். பெரும் புழுதிக்காற்று எழுந்தது. அது அடங்கும்போது மஞ்சுக் குதிரைகள் பக்கவாட்டில் வந்துவிட்டன. பத்து நாளில் பெய்ஜிங் அவர்கள் கையில்.

பிற்பகல் நாலு மணிக்கு மலைப்பக்கம் மஞ்சளாக மாறியது. வாசலுக்குள் ஒதுங்கி நின்றபோது சுவரின் உட்பக்கத்தில் குறுக்குமரம் செருகும் சதுரக் குழிகள் கண்ணுக்கு நேரே இருந்தன. முழங்கை வரை போகிறது. கடலைத் தோலும் ஒரு ஐஸ்குச்சியும் உள்ளே. பாவ்சி (பூரணம் வைத்து அவித்த ரொட்டி) விற்கும் பெண் வண்டியைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டே, மீதி நான்கையும் 5 யுவானுக்குத் தருகிறேன் என்று விரலால் காட்டினார். பன்றியா, முட்டைக்கோஸா என்று கேட்பதற்குள் கட்டிக் கொடுத்துவிட்டார். இரண்டு இது, இரண்டு அது.